ஒரு சாண் தூரம்

'பிரிண்டர் எதுவும் கிடைக்கவில்லை' என்கிறது டெப், அதாவது என் டெப்லட். பிரிண்டரோ அதே மேசையில், ஒரு சாண் தள்ளி, பச்சை விளக்கை எரியவிட்டபடி உட்கார்ந்திருக்கிறது.

தரம் 5 பிள்ளைகளுக்கு நாளைக்குக் கொடுக்க வேண்டிய வினாத்தாள் டெப்புக்குள். வெளியே ஹட்டன் மழை.

டெப்பில் யூஎஸ்பி சாமான்களைச் செருக உதவும் ஓடிஜி வயர் போட்டு இரண்டையும் இணைத்தேன். ஏதோ செருகியிருக்கிறார்கள் என்பது வரை டெப்புக்குப் புரிகிறது, அதற்கு மேல் இல்லை. சில பிரிண்டர்கள் இதற்கு ஒத்துவருமாம். இது வராது.

பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் விண்டோஸ், மெக் என்று இரண்டே பெயர்.

ஐபேடுக்கு ஏர்பிரிண்ட் என்ற பிரிண்ட் வசதி வந்தது 2010இல். அண்ட்ரொய்டில் பிரிண்ட் வசதி 2013இல், 4.4 பதிப்போடு சேர்ந்தது. ஆனால் இரண்டும் பெரும்பாலும் வைஃபையில்தான் பிரிண்டரைத் தேடும். யூஎஸ்பி மட்டும் உள்ள மலிவுப் பிரிண்டருக்கு அதற்கான டிரைவர் என்ற மென்பொருள் வேண்டும். அதைக் கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டருக்குத்தான் எழுதுகிறார்கள். நம்மால் வாங்க முடிவதும் அந்த மலிவுப் பிரிண்டர்தானே!

இனி எல்லாம் டெப்பில்தான் என்கிறார்கள். சரி, தோட்டத்து லயன் வீட்டில் சிக்னல் கிடைக்காத பிள்ளைக்கு நான் கடதாசியில்தானே கொடுக்க வேண்டும்?

அப்புறம் என்ன, பிடிஎஃப் ஆக்கி டவுன் கொமியூனிகேஷன் கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

வைஃபை பிரிண்டர் ஒன்று வாங்குவோம் என்கிறான் மகன். வாங்கலாம்தான். இதில் ஊற்றிய மை இன்னும் பாதிக்கு மேல் கிடக்கிறதே, அதை யார் குடிப்பது?