தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் வீடு பாக்குறவங்களுக்கு

கூடுவாஞ்சேரி, பொத்தேரி பக்கம் வீடு பாக்குறீங்கன்னா தண்ணி வருதான்னு கேக்குற மாதிரி செங்கல்பட்டு லோக்கல் ட்ரெய்ன் டைமிங்கையும் கேட்டு வெச்சுக்கோங்க. ஸ்டேஷன்ல இருந்து அஞ்சு நிமிஷம்னு புரோக்கர் சொல்வாரு, அது உண்மையாவே இருக்கட்டும், ஆனா அந்த ஸ்டேஷனுக்கு அடுத்த வண்டி எப்போன்னு அவர் வாயத் தொறக்க மாட்டாரு.

சென்னை பீச் ஸ்டேஷன் - தாம்பரம் லைன்ல 1931லயே எலக்ட்ரிக் ட்ரெய்ன் வந்துடுச்சு. அப்போ மீட்டர் கேஜ் (இப்போ இருக்குறத விட குறுகலான தண்டவாளம்), 2004 வரைக்கும் அந்த வண்டிங்க ஓடுச்சு. பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் இவ்ளோ நெருக்கமா ஆனதுல இந்த லைனுக்கு பெரிய பங்கு இருக்குன்னுதான் நான் நெனைக்கிறேன். இப்போ ஜனம் தாம்பரத்த தாண்டி எங்கயோ போயிடுச்சு, வெளியூர் பஸ்ஸே கிளாம்பாக்கத்துக்கு போயாச்சு, ஆனா நெறைய வண்டி இன்னும் தாம்பரத்தோட திரும்பிடுது.

சாயங்காலம் பார்க் ஸ்டேஷன்ல பாருங்க, செங்கல்பட்டு போக வேண்டிய ஆளு எதிர் பிளாட்ஃபார்ம்ல பீச் போற வண்டில ஏறுவாரு. கோட்டை ஸ்டேஷன தாண்டி பீச் போயி, அங்க கெளம்புற செங்கல்பட்டு வண்டில ஜன்னலோரமா உக்காந்து, அதே பார்க் வழியா திரும்பி வருவாரு. இதுக்குன்னே சீசன் டிக்கெட்ட பீச் வரைக்கும் எடுத்து வெச்சிருப்பாங்க. எழும்பூர் வரும்போது மூணு பேர் சீட்டுல நாலாவது ஆள், "கொஞ்சம் தள்ளிக்கோங்க சார்", மாம்பலத்துல ரங்கநாதன் தெரு ஷாப்பிங் பைங்க மொத்தமும் உள்ள வந்துடும், அதுக்கு நடுவுலயும் சமோசாக்காரர் எப்படியோ பூந்து போயிட்டுதான் இருப்பாரு (அது எப்படின்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் புரியல).

2025 ஏப்ரல்ல ஏசி வண்டி விட்டாங்க, கதவு தானா மூடும், தொங்கிட்டு போற வேலையே இல்ல, நல்லாத்தான் இருக்கு. ஆனா சாதா வண்டில பீச்ல இருந்து தாம்பரத்துக்கு 10 ரூபா, ஏசில 85 ரூபா. தெனம் போயிட்டு வர்றவன் எத்தன நாளைக்கு அத குடுப்பான்? ஏசி வேணாம்னு சொல்லல, தாம்பரத்துல திரும்புற வண்டில சிலத செங்கல்பட்டு வரைக்கும் நீட்டி விட்டாலே எங்களுக்கு பாதி பிரச்சன தீந்துடும்.