நின்றுபோன ரேட்

28 அக்டோபர் 2025, செவ்வாய்

காலை 9 மணிக்குத் திறக்க வேண்டிய, வெள்ளியும் கச்சா எண்ணெயும் கைமாறும் கமாடிட்டி சந்தை, திரும்பத் திரும்பத் தள்ளிவைக்கப்பட்டு, பிற்பகல் 1:25-க்கு மாற்றுத் தளத்திலிருந்துதான் திறந்தது. புயல் ஆந்திரக் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. பெரம்பூரில் வெயிலே இல்லை. நான்கரை மணி நேரம் நேற்றிரவு முடிந்த விலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தும் எனக்குப் பயம் வரவில்லை என்பதைக் குறித்துவைக்கிறேன். கடை எல்லோருக்குமே பூட்டியிருக்கும்போது, என்னை முந்திக்கொண்டு யாரும் விற்றுவிட முடியாது.

அப்பா மூன்று முறை வெள்ளி ரேட் கேட்டார். மூன்றாவது முறை சலிப்பில் நேற்றைய ரேட்டையே சொல்லிவிட்டேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், "இது எத்தனை மணி ரேட்?" என்றார். பதில் சொல்லாமல் சொட்டு மருந்தைக் கையில் எடுத்தேன்.

30 அக்டோபர், வியாழன்

செவ்வாய்க்கிழமை சந்தை திறக்காததற்கு, வாடிக்கையாளர் குறியீடுகளின் எண்ணிக்கை, முன்பே போட்டுவைத்திருந்த வரம்பைத் தொட்டுவிட்டதுதான் காரணமாம். ரேஷன் கடைப் பதிவேட்டில் பக்கம் தீர்ந்துபோன கதை.

6 நவம்பர், வியாழன்

அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றிவிட்டதால் இனி மார்ச் வரை நம் சந்தையும் இரவு 11:55 வரை ஓடும், நானும் விழித்திருக்க வேண்டும். இன்று எதுவும் நிற்கவில்லை. எதுவும் நிற்காத நாளில் நான் ஏன் இத்தனை முறை திரையைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று தெரியவில்லை.

18 நவம்பர், செவ்வாய்

மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு, நான் பார்க்கும் சார்ட் தளம் வெறும் வெள்ளைப் பக்கமாகிவிட்டது. அது வெள்ளையானதில் குற்றமில்லை. என்னிடம் ஒன்றுமில்லை என்று அது ஒப்புக்கொண்டது. புரோக்கரின் செயலிதான் ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளியின் கடைசி விலை பச்சை எழுத்தில் அப்படியே இருந்தது. அதன் கீழே வாங்குவோர் ஐந்து வரி, விற்போர் ஐந்து வரி, எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்தன. வெள்ளி அமைதியாக இருக்கிறது என்று நான்கு நிமிடம் நம்பினேன். மூன்றாவது வரியில் இருந்த 7 என்ற எண் இமைக்கவே இல்லை என்பதைக் கவனித்த பிறகுதான் வயிற்றைப் பிசைந்தது.

எனக்கு மட்டும்தானா என்று கேட்பதற்கு எக்ஸ் தளத்துக்குப் போனால் அதுவும் திறக்கவில்லை. புரோக்கர் அலுவலகத்தில் போனில் ஆர்டர் எடுக்கும் டீலருக்குப் போன் செய்தேன். 17 நிமிடம் வீணை இசை. நான் வாங்கி வைத்திருந்தது சில்வர் மினி என்ற சிறிய வெள்ளி ஒப்பந்தத்தில் இரண்டு லாட், ஒவ்வொன்றும் 5 கிலோ. கிலோவுக்கு 450 ரூபாய் இறங்கினால் வெளியேறுவது என்பது திட்டம். அந்தத் திட்டம் என் எக்செல் தாளில் ஒரு கட்டத்தில் இருந்ததே ஒழிய சந்தையில் இல்லை. டீலர் கிடைத்து வெளியேறும்போது 1,310 ரூபாய் இறங்கியிருந்தது. 4,500 ரூபாயோடு போக வேண்டிய நஷ்டம் 13,100 ஆனது.

இடையில் அப்பா ரேட் கேட்டார். பச்சை எழுத்தில் இருந்த அதே எண்ணைச் சொன்னேன். வேண்டுமென்றுதான் சொன்னேன்.

19 நவம்பர், புதன்

நேற்று எல்லாம் முடங்கியதற்குக் காரணம், நடுவில் நின்று பாதி இணையத்தைக் கடத்திவிடும் க்ளவுட்ஃப்ளேர் நிறுவனம். அங்கே ஏதோ ஒரு கோப்பு இரு மடங்கு பெரிதாகி, அதைப் படிக்க வேண்டிய நிரல் விழுந்துவிட்டதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்பே சொல்லிவைக்கும் ஸ்டாப் லாஸ் ஆர்டரைப் போட்டிருந்தால், அது சந்தையின் கணினியில் போய் உட்கார்ந்துகொண்டு, என் திரை செத்தாலும் என் வீடே இருண்டாலும் தன் விலை வந்ததும் தானாக நடந்திருக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. போட்டுவைத்தால் அதைத் தட்டிவிட்டு விலை திரும்பிவிடும் என்ற பழைய சந்தேகத்தால், நான் அதைக் கைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

இரவு முழுவதும் பழைய சம்பவங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். 2013 ஆகஸ்ட் 22 அன்று, அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைப் பங்குகளின் விலைகளைத் தொகுத்து அனுப்பும் அமைப்பு விழுந்ததும், வணிகத்தையே சுமார் மூன்று மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். 2020 அக்டோபர் 1 அன்று டோக்கியோ பங்குச் சந்தையில் ஒரு வன்பொருள் பழுதாகி, மாற்றுக் கருவிக்கு மாற வேண்டியது மாறாமல் போனதால், நாள் முழுவதும் கடையைப் பூட்டினார்கள். நம் தேசியப் பங்குச் சந்தையிலோ, 2021 பிப்ரவரி 24 அன்று காலை 10 மணிக்கு மேல் நிஃப்டி குறியீடு நகராமல் நின்றது. வணிகம் நிறுத்தப்பட்டது 11:40-க்கு. மறுபடி மாலை 3:45-க்குத் திறந்து 5 மணி வரை நடந்தது. 11:40-லிருந்து 3:45 வரையிலான நேரத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். குறியீடு செத்து வணிகம் மட்டும் உயிரோடிருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இரண்டாவது புரோக்கரிடம் கணக்குத் தொடங்க விண்ணப்பித்தேன்.

28 நவம்பர், வெள்ளி

இன்று நம் சந்தை ஓடியது. ஆனால் அதன் தாய்ச் சந்தை ஓடவில்லை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒரு தரவு மையத்தில் குளிரூட்டும் ஏற்பாடு பழுதாகி, நம் நேரப்படி காலை 8 மணிக்கு மேல் நின்ற வணிகம் இரவு 7 மணிவாக்கில்தான் திரும்பியது. அங்கே குளிர்காலம், இயந்திரங்களுக்கு மட்டும் புழுக்கம். இங்கே வெள்ளியும் கச்சா எண்ணெயும் துடித்துக்கொண்டே இருந்தன. அங்கேயுள்ள விலையையும் டாலர் மதிப்பையும் வைத்துத்தானே இங்கே ரேட் கட்டுகிறோம்; அங்கே விலையே இல்லாதபோது இது யார் சொல்லும் விலை? வாங்குவோருக்கும் விற்போருக்கும் இடைவெளி அகலமாக இருந்தது. நான் கை வைக்கவில்லை.

அப்பாவிடம் இந்த முறை உண்மையைச் சொன்னேன். அவர் வெகுநேரம், மெட்ராஸ் பங்குச் சந்தை இருந்த செகண்ட் லைன் பீச் பற்றிப் பேசினார். அந்தச் சந்தை 2015-இல் கணக்கை முடித்துக்கொண்டபோதுகூட இவ்வளவு பேசியதில்லை. அவர் குமாஸ்தாவாக இருந்த அந்த நாளில் பம்பாய் ரேட் டிரங்க் காலில் வரும். பையன் துண்டுச் சீட்டோடு ஓடிவருவான். குமாஸ்தா அதைக் கரும்பலகையில் எழுதும்போது, விலைக்குப் பக்கத்தில் சாக்பீஸால் நேரத்தையும் எழுத வேண்டும். நேரம் எழுதாத விலையைப் பார்த்து எந்த முதலாளியும் ஆர்டர் கொடுக்க மாட்டாராம். ஒருமுறை அப்பா நேரத்தை எழுத மறந்து வாங்கிக் கட்டிக்கொண்டதை, வாங்கியது நேற்றுதான் என்பதுபோலச் சொன்னார்.

நள்ளிரவில் எக்செல் தாளில் ஒரு பத்தி சேர்த்தேன். கடைசி டிக், அதாவது புதிய விலை, வந்த நேரத்துக்கும் கணினியின் நேரத்துக்கும் ஐந்து நொடிக்கு மேல் வித்தியாசம் வந்தால், விலை இருக்கும் கட்டம் சிவப்பாகும்.

1 டிசம்பர், திங்கள்

இடைவிடாத மழை. தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர். மோடத்தில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக மினுக்குகிறது. சிக்னல் போய்விட்டது என்று பொருளாம், எனக்கு அது "லாஸ்" என்றே படிக்கிறது. இன்வெர்ட்டரில் இரண்டு மணி நேரம், பிறகு செல்போனின் ஹாட்ஸ்பாட். சிவப்புக் கட்டம் 41 முறை வந்தது. ஒவ்வொரு முறையும் எண்ணினேன். வாங்கியோ விற்றோ வைத்த பொசிஷன் எதுவும் இல்லை, இருந்தும் எண்ணினேன்.

2 டிசம்பர், செவ்வாய்

கரண்ட் இல்லை.

5 டிசம்பர், வெள்ளி

எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன்.

காலையில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டி விகிதத்தை 5.25 சதவீதமாகக் குறைத்தது. அந்தப் பரபரப்பு அடங்கியதும் சில்வர் மினி இரண்டு லாட் வாங்கி, 400 ரூபாய் கீழே ஸ்டாப் லாஸ் ஆர்டரைச் சந்தைக்கே அனுப்பிவைத்தேன். பிற்பகல் 2:17-க்குக் கட்டம் சிவப்பானது. அதே நடு நிறுவனம்தான், இந்த முறை வேறு காரணம் என்கிறார்கள். செயலிக்குள் நுழையவே முடியவில்லை. இரண்டாவது கணக்கு மட்டும் ஓடியது. அதில் வெள்ளி இறங்கிக்கொண்டிருந்தது. 2:29-க்கு, முதல் கணக்கில் வாங்கியதற்கு எதிர்ப் பாதுகாப்பாக அங்கே இரண்டு லாட் விற்றேன்.

2:42-க்கு முதல் கணக்கு உயிர்பெற்றபோது ஆர்டர் பட்டியலைப் பார்த்தேன். ஸ்டாப் லாஸ் 2:24-க்கே நடந்து முடிந்திருந்தது. ஆக, 2:29-லிருந்து என் கையில் இருந்தது பாதுகாப்பு அல்ல; எதற்கும் எதிரில்லாத வெறும் விற்பனை. 2:44-க்குத் திருப்பி வாங்கினேன். அதற்குள் இன்னும் 210 ரூபாய் இறங்கியிருந்ததால் 2,100 ரூபாய் லாபம். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"லாபம்தானே?" என்று அப்பா கேட்டார். என் கையில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் 15 நிமிடம் உட்கார்ந்திருந்ததற்கு யாரோ கொடுத்த கூலி அது என்றேன். அவருக்குப் புரியவில்லை, அல்லது புரிந்து சும்மா இருந்தார்.

விலை நின்றுபோனதா என்பதைச் சொல்ல ஒரு கட்டம் இருக்கிறது. ஆர்டர் நடந்ததா என்பதைச் சொல்ல எதுவும் இல்லை. சந்தைக்குப் போன ஆர்டர் என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. அதனால்தான் அது பத்திரம், அதனால்தான் எனக்குத் தெரியவும் இல்லை. இரண்டாவது கணக்கில் விலையைப் பார்த்தேனே, அது என் ஸ்டாப் லாஸ் விலைக்குக் கீழே போய்விட்டதே, அப்போதே கணக்குப் போட்டிருக்க வேண்டாமா? போட்டிருக்கலாம். 2:29-க்கு எனக்குக் கணக்கு வரவில்லை.

திங்கட்கிழமை 8:55-க்கு டீலரைக் கூப்பிட்டு, ஆர்டர் நடந்ததும் அந்த நிமிடமே குறுஞ்செய்தி வருமா, அதில் நேரம் இருக்குமா என்று கேட்க வேண்டும். அப்பாவுக்கு ஞாயிறோடு சொட்டு மருந்து முடிகிறது. இப்போது மணி 11:40. உள்ளிருந்து ரேட் கேட்கிறார்.