ஆய்வகத்திலிருந்து பைத்தானுக்கு

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் ஆய்வகத்தில் 9 வருடம் ஷிப்ட் வேலை பார்த்தேன். 33 வயதில் கம்ப்யூட்டர் துறைக்கு மாற நினைத்தபோது, விசாரித்த எல்லோருமே ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படிக்கச் சொன்னார்கள். நைட் ஷிப்ட் முடித்த கையோடு மஞ்சக்குப்பத்தில் ஒரு சென்டருக்கு 4 மாதம் போனேன். ஜாவா மேல் குறையில்லை, பெரிய பெரிய வங்கி மென்பொருள்கள் அதில் ஓடுகின்றன. ஆனால் அதை வைத்துச் செய்து பார்க்க எனக்கென்று ஒரு வேலை இல்லை. படித்தது மனதில் ஒட்டவேயில்லை.

அப்புறம் அக்கா மகன் பைத்தான் என்ற இன்னொரு கம்ப்யூட்டர் மொழியைக் காட்டினான். சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு மாதக் கழிவுநீரின் பிஎச் (அமில, காரத் தன்மை) அளவுகளை எக்செல்லிலிருந்து சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றினேன். அதிகபட்ச அளவு எது என்று பைத்தானில் பார்த்தால் 9.8 என்று வந்தது. அந்த மாதம் ஒருநாள் 10.1 வந்திருந்தது, நோட்டில் எழுதியவனே நான்தான். இரவு முழுக்க மண்டை காய்ந்தது. காலையில் அவன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, கோப்பிலிருந்து படிக்கிறப்ப பைத்தானுக்கு எல்லாமே எழுத்துதான், எண் இல்ல. முதல் எழுத்துல இருந்து ஒவ்வொண்ணா ஒப்பிடும். 1-ஐ விட 9 பெருசு." ஃப்ளோட் என்ற கட்டளையைப் போட்டுத் தசம எண்ணாக மாற்றினேன், 10.1 வந்து நின்றது. டேட்டா டைப், அதாவது ஒரு தகவல் எழுத்தா எண்ணா என்ற வகை பற்றி சென்டரில் இரண்டு வகுப்பு கேட்டிருக்கிறேன், புரிந்தது அன்றைக்குத்தான்.

அதனால் எந்த மொழி நல்லது என்று ஊரைக் கேட்கும் முன், உங்கள் கையில் என்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள். கணக்கு, அளவீடு, எக்செல் என்றால் பைத்தான். வெப்சைட் செய்ய ஆசை என்றால் ஜாவாஸ்கிரிப்ட், பிரவுசரிலேயே ஓடும். காலாவதியாகிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். பைத்தான் 1991இல் வந்தது, ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 1995இல் வந்தவை. இன்றும் மூன்றுக்கும் வேலை இருக்கிறது.

வேலையை விடுவதற்கு முன் ஆறு மாத வீட்டுச் செலவைச் சேர்த்து வையுங்கள். எனக்குப் புதுச் சம்பளம் முதலில் குறைவுதான்.

புதுச்சேரியில் போன முதல் இன்டர்வியூவில் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள், பிஎச் கதையைச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டார்கள். அடுத்து எஸ்க்யூஎல்லில் (தகவல் தளத்திலிருந்து தகவலை எடுக்கும் மொழி) இரண்டு டேபிளை, அதாவது தகவல் அட்டவணைகளை இணைக்கச் சொன்னார்கள், திணறிவிட்டேன். எந்த மொழி எடுத்தாலும் கூடவே ஒரு மாதம் எஸ்க்யூஎல் படித்துவிடுங்கள். அதைப் படித்த பிறகு போன இரண்டாவது இடத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது.