டோர்ட்முண்டில் எங்கள் வீட்டு ஓடிடி கணக்கு

ஜெர்மனிக்குக் குடிவருபவர்கள் எந்த ஓடிடி வாங்கலாம் என்று யோசிக்கும் முன்பே ஒரு சந்தா கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிந்ததும் அந்த விவரம் கொலோன் நகரில் இருக்கும் ஒலிபரப்புக் கட்டண அலுவலகத்துக்குப் போய்விடும். கொஞ்ச நாளில் தபால் பெட்டியில் கடிதம் கிடக்கும். மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. ‘எங்கள் வீட்டில் டிவியே இல்லை’ என்று பதில் எழுதிப் பிரயோஜனமில்லை. 2013 முதல் டிவி இருக்கிறதா, ரேடியோ இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம், அவ்வளவுதான். வழக்குப் போட்டும் பார்த்தார்கள். இரண்டாவது வீடு வைத்திருப்பவர்கள் இரண்டு முறை கட்ட வேண்டியதில்லை என்பதைத் தவிர, கட்டணம் செல்லும் என்று 2018இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது.

படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும். கடிதம் வந்தவுடன் பதறிப் பணம் அனுப்பாமல், ஏற்கெனவே யார் கட்டுகிறார் என்று கேட்டு அவருடைய கட்டணக் கணக்கு எண்ணை எழுதி அனுப்புங்கள்.

எப்படியும் கட்டத்தான் போகிறோம் என்றானபின், அதையே எங்கள் வீட்டின் முதல் ஓடிடியாக வைத்துக்கொண்டோம். இந்தக் கட்டணத்தில் ஓடும் பொதுச் சேனல்களான ஏஆர்டி, செட்டிடிஎஃப் இரண்டுக்கும் ‘மீடியாதேக்’ என்று தனித்தனி ஆப் உண்டு. விளம்பரம் கிடையாது, லாகின் இல்லாமலேயே பார்க்கலாம். ஜெர்மன் படிக்கிற யாருக்கும் இதைவிட நல்ல வகுப்பு கிடையாது என்பது என் கருத்து. பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு ஜெர்மன் சப்டைட்டில் இருக்கும்; காது தவறவிட்டதைக் கண் பிடித்துக்கொள்ளும். ஞாயிறு இரவு 8.15க்கு வரும் ‘டாட்ஓர்ட்’ துப்பறியும் தொடரை என் கணவர் அப்படித்தான் பார்க்கத் தொடங்கினார். 1970 முதல் ஓடும் தொடர் அது. ஊருக்கொரு போலீஸ் குழு, அதில் டோர்ட்முண்டுக்கும் ஒன்று. திங்கட்கிழமை ஆபீஸில் காபி மெஷின் பக்கத்தில் நின்று பேச அவருக்கு ஒரு விஷயம் கிடைத்தது.

மகளுக்கு ஞாயிறு காலை ‘மௌஸ்’. 1971 முதல் வரும் சிறுவர் நிகழ்ச்சி. ஆரஞ்சு நிற எலி, நீல நிறக் குட்டி யானை. பற்பசையில் கோடு எப்படி வருகிறது என்பது மாதிரி விஷயங்களை ஒரு மனிதர் பொறுமையாகக் காட்டிக்கொண்டே இருப்பார். அதன் ஆரம்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இன்றைக்கு என்னென்ன வரப்போகிறது என்று ஜெர்மனில் ஒரு முறை சொல்வார்கள். பிறகு அதையே வேறொரு மொழியில் சொல்லிவிட்டு, அது எந்த மொழி என்றும் சொல்வார்கள். வேலைக்கு வந்த துருக்கி, இத்தாலிக் குடும்பங்களின் பிள்ளைகளை நினைத்து எழுபதுகளில் தொடங்கிய ஏற்பாடு. என் மகள் அந்த இரண்டாவது முறைக்காகவே சோபாவின் நுனியில் உட்கார்ந்திருப்பாள். நாங்கள் பார்த்த வரையில் தமிழ் வரவில்லை. ‘அடுத்த வாரம் வரும்மா’ என்று அவளே எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

சரி, தமிழுக்கு என்ன வழி? இங்கேதான் சிக்கல்.

ஊரிலிருந்து கிளம்பும்போது எல்லோரும் செய்கிற மாதிரி நாங்களும் இந்தியச் சந்தாக்களைப் புதுப்பித்துவிட்டு வந்தோம். அமேசான் பிரைம் ஊரில் வருடத்துக்கு 1,499 ரூபாய், இங்கே 89.90 யூரோ. யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் இந்தியக் கணக்கை இங்கே திறந்தால் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்று சுருக்கிய பட்டியல்தான் வரும்; அவர்களே தயாரித்த தொடர்கள் பெரும்பாலும் கிடைக்கும், தேடிப்போன படம் கிடைக்காது. நெட்ஃபிளிக்ஸ் கதை வேறு. கணக்கு எந்த நாட்டில் தொடங்கியது என்பதைவிட, நாம் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் அது பட்டியலைக் காட்டும். ஒரே படத்தின் உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்பதால் வருகிற தொல்லை இது. ஊரில் ஓர் ஆப்பில் இருக்கும் படம் இங்கே இன்னொன்றில் இருக்கலாம், எதிலுமே இல்லாமலும் போகலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் ஒரு சலுகை உண்டு. 2018 ஏப்ரல் 1 முதல், இங்கே பணம் கட்டி வாங்கிய சந்தாவை பாரிஸுக்கோ ரோமுக்கோ விடுமுறைக்குப் போனாலும் வீட்டில் பார்ப்பதுபோலவே பார்க்கலாம் என்று சட்டம். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. சூரிக்கில் இருக்கும் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் வேண்டிய படங்களை டவுன்லோடு செய்துகொண்டு ரயில் ஏறுவது நல்லது.

இதற்கிடையில் அத்தை வந்தார். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து, 90 நாள் விசாவில். வந்த களைப்பு தீர்ந்த மறுநாளே கேட்டார்: “ஏங்கண்ணு, நம்ம நாடகம் இங்க வராதா?” மூன்று மாதம் நாடகம் இல்லாமல் ஒரு மனுஷியை மூன்றாவது மாடியில் உட்கார வைப்பது பாவம். பால்கனிக்கு எதிரே இன்னொரு பால்கனி, அதில் யாரும் வருவதில்லை. வேறு என்னதான் செய்வார்?

நாடகம் என்றால் எந்தச் சேனல் என்பதுதான் முதல் கேள்வி. விஜய் டிவி நாடகம் ஊரில் ஹாட்ஸ்டாரில் வரும். ஜியோ சினிமாவோடு சேர்ந்து 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் ஆனது அதுதான். இங்கே கிடைக்கும் டிஸ்னி பிளஸ்ஸும் அதுவும் ஒன்று என்று நினைத்துப் பலர் வாங்கிவிடுகிறார்கள். அத்தை வந்த சமயத்தில் ஜெர்மனி டிஸ்னி பிளஸ்ஸில் விஜய் டிவி நாடகம் ஒன்றுகூட இல்லை. நல்ல காலம், அத்தை சன் டிவி கட்சி. சன் நெக்ஸ்டில் வெளிநாட்டுக்கென்று சந்தா உண்டு, போட்டுவிட்டோம். இரவு எட்டு மணி நாடகம் கோடைக்காலத்தில் இங்கே மாலை 4.30க்கும் குளிர்காலத்தில் 3.30க்கும் சமம். ஊரில் அத்தையின் தங்கை பார்த்து முடித்துவிட்டு வாட்ஸ்அப்பில் கதையைச் சொல்லிவிடுவார் என்ற பயத்தில், அத்தை போனை மூடி வைத்துவிட்டுத்தான் பார்ப்பார். செய்திக்குக் காசே தேவைப்படவில்லை. புதிய தலைமுறை, சன் நியூஸ், பாலிமர் எல்லாம் யூடியூபில் நேரலையாகவே ஓடுகின்றன.

தமிழ்க் கடைப் பக்கம் போனால் இன்னொரு யோசனையும் சொல்வார்கள். ஒரு கறுப்புப் பெட்டி; வருடத்துக்கு ஒருமுறை சொற்பக் காசு; உலகத்துச் சேனல் எல்லாம் வரும். இந்த வட்டாரத்தில் ஈழத்தமிழர் குடும்பங்கள் எண்பதுகளிலிருந்து இருக்கின்றன. பக்கத்தில் ஹம் நகரத்தில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்மன் கோயிலே அவர்கள் கட்டியதுதான். தமிழ் பார்ப்பதற்கு அவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியாது. எங்களுக்குப் பழக்கமான ஓர் அண்ணா சொல்வார்: “தங்கச்சி, முந்தி நாங்கள் கசற் வாடகைக்கு எடுத்துத்தான் படம் பாத்தனாங்கள். ஒரு கசற் நாலு வீடு சுத்தும், கடைசி வீட்டுக்கு வரேக்க படம் முழுக்கக் கோடு.” அப்படி இருந்தவர்களிடம் போய்ப் பெட்டி தப்பு என்று பாடம் நடத்த எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று மட்டும் முடிவு செய்தோம். திருட்டு ஒளிபரப்பு என்று தெரிந்தே பார்ப்பதும் உரிமை மீறல்தான் என்று 2017 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போதாததற்கு, முக்கியமான நாளில் பெட்டி படுத்துவிடும் என்று வைத்திருப்பவர்களே சொல்கிறார்கள்.

டோரண்ட் அதைவிட ஆபத்து. ஊரில் கல்லூரி விடுதியில் செய்த பழக்கத்தில் யாராவது இங்கே ஒரு படத்தை இறக்கினால், சில வாரம் கழித்து வக்கீல் அலுவலகத்திலிருந்து பல நூறு யூரோ கேட்டுக் கடிதம் வரும். டோரண்ட் இறக்கும்போதே நம் கணினி மற்றவர்களுக்கும் அந்தப் படத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும், மாட்டுவது அதனால்தான். கடிதம் இறக்கியவர் பெயருக்கு வராது, இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு வரும். விருந்தாளிக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுக்கும்போது காபியோடு சேர்த்து இதையும் சொல்லிவிடுங்கள்.

இவையெல்லாம் போக மிச்சம் நெட்ஃபிளிக்ஸும் பிரைமும். முன்பு ஃபிராங்பர்ட்டில் இருக்கும் கொழுந்தனார் வீட்டுக்கும் எங்களுக்கும் சேர்த்து ஒரே நெட்ஃபிளிக்ஸ். 2023 மே மாதத்தில் அந்த வழியை அடைத்தார்கள். வேறு வீட்டில் இருப்பவரைச் சேர்க்க மாதம் 4.99 யூரோ தனி. அதே 4.99க்கு விளம்பரத்தோடு முழுச் சந்தாவே கிடைத்ததால் தனித்தனியாகப் பிரிந்துவிட்டோம். 2024 ஏப்ரலில் விளம்பரமில்லாத சாதாரணத் திட்டம் 13.99, பெரிய திட்டம் 19.99 என்று ஏறியது. பிரைமிலும் அதே வருடம் பிப்ரவரியிலிருந்து படத்துக்கு நடுவில் விளம்பரம். வேண்டாம் என்றால் மாதம் 2.99 கூடுதல். விளம்பரத்துக்கு நடுவில் நாடகம் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒரு குறையா என்ன? அந்த நேரத்தில் குக்கரை இறக்கலாம்.

இரண்டில் எது என்று கேட்டால், மற்றவர்கள் படங்களின் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். நான் சப்டைட்டிலைப் பார்க்கிறேன். மகளுக்குத் தமிழ் காதால் புரியும், ஆனால் மதுரைப் பேச்சோ வடசென்னைப் பேச்சோ வேகமாக வந்தால் திணறுவாள். ஆங்கிலம் இன்னும் பள்ளியில் பாட்டு அளவில்தான் இருக்கிறது. அவள் சரளமாக வாசிப்பது ஜெர்மன் மட்டுமே. ஆக ஒரு தமிழ்ப் படத்தை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் சேர்ந்து பார்க்க வேண்டுமானால் ஒலி தமிழில், கீழே எழுத்து ஜெர்மனில் இருக்க வேண்டும். பல இடங்களில் ஆங்கிலத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நாங்கள் பார்த்த படங்களில் ஜெர்மன் எழுத்து நெட்ஃபிளிக்ஸில்தான் அடிக்கடி இருந்தது. படம் பார்க்கும் இரவு வந்தால் முதலில் படத்தைப் பார்ப்பதில்லை, மொழிப் பட்டியலைத் திறந்து பார்க்கிறோம். ஜெர்மன் இல்லையென்றால் அன்றைக்கு அவள் நடுவில் உட்கார்ந்து ‘இப்போ என்ன சொன்னாங்க?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பாள், அத்தை சலிக்காமல் பதில் சொல்வார், மற்ற யாருக்கும் வசனம் கேட்காது.

இன்றைய நிலவரப்படி நெட்ஃபிளிக்ஸ் விளம்பரத் திட்டம் வருடம் முழுக்க இருக்கிறது. மற்றவை எல்லாம் முறை வைத்து. டிஸ்னி பிளஸ் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஒரு மாதம், சன் நெக்ஸ்ட் அத்தை இருக்கும்போது, பிரைம் பெரிய தமிழ்ப் படங்கள் சேர்ந்தாற்போல் வந்திருந்தால் 8.99க்கு ஒரு மாதம். ஒரே சமயத்தில் இரண்டுக்கு மேல் ஓடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். இது இங்கே சாத்தியமாவதற்கு நாட்டுச் சட்டமும் ஒரு காரணம். 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் சந்தா விற்பவர்கள் அதை ரத்து செய்வதற்கும் கண்ணில் படும்படி ஒரு பொத்தான் வைத்தே ஆக வேண்டும். அதே வருடம் மார்ச் முதல் போட்ட ஒப்பந்தங்களில், முதல் தவணை முடிந்ததும் தானாக இன்னொரு வருடத்துக்கு இழுத்துக்கொண்டு போகவும் முடியாது; ஒரு மாத அறிவிப்பில் வெளியே வந்துவிடலாம். இதற்கு முன்னால் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், மூன்று மாதம் முன்பே பதிவுத் தபால் அனுப்பி ரத்து செய்த கதை வைத்திருப்பார்கள்.

வீட்டு வாடகையோடு கேபிள் கட்டணத்தைச் சேர்த்து வாங்குவதும் 2024 ஜூன் 30உடன் முடிந்தது. அதனால் இப்போது புதிதாகக் குடிவரும் வீடுகளில் கேபிள் விற்க ஆள் வந்து மணி அடிப்பார். நம் தமிழ்த் தேவைக்கு அதில் ஒன்றும் இல்லை. ‘நைன், டாங்கெ’ (வேண்டாம், நன்றி) என்று சிரித்துக் கதவைச் சாத்தலாம்.

தீராத வழக்கு ஒன்று உண்டு, கால்பந்து. இந்த ஊரில் வளரும் பிள்ளைக்கு ஊர் அணியின் கறுப்பு மஞ்சள் பிடிக்காமல் போகாது. மகள் பள்ளிக்குப் போகும் கழுத்துத் துணியே அந்த நிறம்தான். ஆனால் ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பூண்டஸ்லீகாவின் உரிமையைத் துண்டு போட்டு விற்றிருக்கிறார்கள். 2025-26 பருவத்திலிருந்து வெள்ளிக்கிழமை ஆட்டமும் சனிக்கிழமையின் தனித்தனி ஆட்டங்களும் ஸ்கை என்ற கட்டணச் சேனலில். ஞாயிறு ஆட்டங்களும், சனிக்கிழமை ஆட்டங்களை மாற்றி மாற்றிக் காட்டும் தொகுப்பும் டாஸோன் என்ற விளையாட்டு ஆப்பில். டோர்ட்முண்ட் என்றைக்கு ஆடுகிறதோ அதைப் பொறுத்து ஆப் மாறும். இரண்டையும் வாங்கினால் மற்ற எல்லாச் சந்தாவையும் சேர்த்தாலும் எட்டாத தொகை வரும். கணவர் மகள் பக்கம் சாய்கிறார், நான் சாயவில்லை. சனிக்கிழமை மாலை ஏஆர்டியில் வரும் ‘ஸ்போர்ட்ஷாவ்’ அன்று பிற்பகல் நடந்த ஆட்டங்களின் கோல்களைக் காட்டிவிடுகிறது, அதுவும் 18.36க்குள்ளேயே. முழு ஆட்டம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் தெருமுனையில் பெரிய திரை வைத்த மதுக்கடை இருக்கிறது. அப்பாவும் மகளும் போய் ஆளுக்கொரு ஆப்பிள் ஜூஸ் வாங்கிக்கொண்டு உட்காரலாம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த பருவம் தொடங்கும்வரை இதுதான் தீர்ப்பு.