மூன்றாவது தடவையில் கிடைத்த புகைச் சான்றிதழ்

காருக்கு வருடாவருடம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் முடிய நான்கே நாள், புதுப்பிக்கப் புகைச் சான்றிதழ் வேண்டும். அப்போதுதான் என் பழைய டீசல் காரைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். நீங்கள் அவ்வளவு தாமதிக்காதீர்கள்.

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து நிலையத்துக்குப் பத்து நிமிடம். இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு மணிநேரம் வரிசையில் நின்றேன். முறை வந்ததும் ஊழியர் புகைக்குழாயில் கருவியைச் செருகி, அக்சிலேட்டரை அடிவரை மிதித்தார். கரும்புகை கொட்டியது, கார் தேறவில்லை. "கார் பழசு" என்று சொல்லிச் சீட்டை நீட்டிவிட்டு அடுத்த வாகனத்துக்குப் போய்விட்டார். சீட்டிலிருந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று இரண்டு முறை கேட்டேன், பதில் இல்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

கராஜ்காரர்தான் விளக்கினார். புகைக்கு ஊடாக ஒளியைச் செலுத்தி, ஒரு மீட்டர் தூரத்துக்கு அது எவ்வளவு மறைக்கப்படுகிறது என்று பார்க்கிறார்களாம். கரி கூடினால் எண் கூடும். காற்று வடிகட்டியைக் கழற்றிக் காட்டினார், தூசி அப்பிக் கிடந்தது. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் புதியது வாங்கினேன். "தம்பி, சூடேறாத எஞ்சினை மிதித்தால் கரும்புகைதான் வரும்" என்றார். ஐரோப்பிய விதிமுறையே எஞ்சின் எண்ணெய் பொதுவாக 80 பாகை செல்சியஸையாவது எட்டியிருக்க வேண்டும் என்கிறது. எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கவைக்கும் டைமிங் பெல்ட்டையும் பார்க்கச் சொன்னார். தேய்ந்த பெல்ட் அந்த மிதியில் அறுந்தால் எஞ்சினே போய்விடும். பழைய கார் வைத்திருப்பவர்கள் இதை முதலில் பாருங்கள்.

மறுநாள் இன்னொரு நிலையம். கணினி இணைப்பு இல்லை என்பதை இரண்டு மணிநேரம் காக்கவைத்த பிறகே சொன்னார்கள். புறப்படும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால் அரைநாள் மிஞ்சியிருக்கும்.

மூன்றாம் நாள் காலி வீதியில் தெகிவளை தாண்டி ஓட்டி, சூடு குறையாமல் வந்து சேர்ந்தேன். வரிசையிலும் எஞ்சினை நிறுத்தவில்லை. முதல் மிதியிலேயே தெரிந்துவிட்டது, புகை மெலிந்திருந்தது. தேறியது. அனுமதிப்பத்திரம் அன்றே கிடைத்தது.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் துகள் வடிகட்டி பொருத்திய புதிய டீசல் கார்களில் அந்த வடிகட்டியில் விரிசல் விழுந்திருந்தாலும் ஒளியால் அளக்கும் இந்தக் கருவிக்குப் பெரும்பாலும் பிடிபடாது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களை எண்ணித்தான் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 2023 ஜூலை முதல் யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகைத் தரத்துக்கு உட்பட்ட டீசல் கார்களில் அப்படித்தான் எண்ணுகிறார்கள். கன சென்ரிமீட்டருக்கு 250,000 துகள்களைத் தாண்டினால் கார் தேறாது. வீதியோர வீட்டில் இழுப்பு நோயோடு என் அம்மா இருக்கிறார். இங்கும் அப்படி எண்ண வேண்டும் என்று கேட்கிறேன்.