கேஸ் வண்டிக்குப் புகைக் கணக்கு

கும்பகோணத்தில் எனக்கு இரண்டு சின்ன லோடு வண்டிகள், இரண்டும் சிஎன்ஜி, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவில் ஓடுபவை. அதில் பெரும்பாலும் மீத்தேன்தான். நாச்சியார்கோவில் குத்துவிளக்குகளை ஏற்றித் திருச்சி குடோனில் இறக்குவதுதான் முக்கிய வேலை. போன வருடம் விளக்கை வாங்கும் ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து ஒரு எக்செல் ஷீட் வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கிறாராம்: எங்கள் சரக்கை ஏற்றி வந்ததில் ஒரு வருடத்தில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வந்தது, எழுதி அனுப்பவும்.

சரி, வருடம் முழுக்க எத்தனை கிலோ கேஸ் அடித்தோம் என்று தெரிந்தால் போதும் என்று உட்கார்ந்தேன். அதுவே ஒரு மாத வேலையாகிவிட்டது.

பங்க் பில்கள் வண்டியின் டேஷ்போர்டில் வெயிலில் கிடந்து வெளுத்துப் போயிருந்தன. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் சிலவற்றில் தேதி மட்டும் தெரிந்தது, சிலவற்றில் அதுவும் இல்லை. "ஒரு ஃபில்லுக்கு ஒன்பது கிலோண்ணே, எத்தனை தடவை அடிச்சோமோ அத்தனை ஒன்பது போட்டுக்குங்க" என்றார் டிரைவர். அங்கேதான் தப்பு. பங்கில் பிரஷர் 200 பார் இருந்தால்தான் ஒன்பது ஏறும். கேஸ் கொண்டுவரும் லாரி காலியாகிற நேரத்தில் போனால் ஆறு, ஆறரையோடு நின்றுவிடும். கடைசியில் ஜிபே கணக்கிலிருந்து தொகையை எடுத்து, அன்றைய ரேட்டால் வகுத்துக் கிலோவைப் பிடித்தேன். மொத்தம் 3,640 கிலோ.

ஷீட்டில் நேச்சுரல் கேஸ் என்ற வரிசையில் அதைப் போட்டேன். ஏழு டன்னுக்குள் முடிந்தது. சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் உறுத்தியது. பதினொன்றாம் வகுப்பு படிக்கிற மகள் பார்த்துவிட்டு, "மீத்தேன் 16 கிராம் எரிஞ்சா கார்பன் டை ஆக்சைடு 44 கிராம் வரணும்பா. அப்ப ஒரு கிலோவுக்கு 2.75. நீங்க 1.9ன்னு போட்டிருக்கீங்க" என்றாள். அந்த 1.9 ஒரு கன மீட்டருக்கான எண். ஆலைகளில் குழாய் வழியே வரும் கேஸை அப்படித்தான் அளப்பார்கள். நமக்குப் பங்கில் கிலோ. ஐநாவின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டியில் ஒரு டெராஜூல் (எரிசக்தியின் அளவு) எரிசக்திக்கு 56.1 டன் கார்பன் டை ஆக்சைடு, ஆயிரம் டன் கேஸுக்கு 48 டெராஜூல் என்று இருக்கிறது. பெருக்கினால் ஒரு கிலோவுக்கு 2.69. அதைப் போட்டதும் 9.8 டன்னாக ஏறியது. ஸ்டார்ட் பண்ணவும் கேஸ் தீர்ந்தால் சமாளிக்கவும் அடித்த 118 லிட்டர் பெட்ரோலை மறந்தே போயிருந்தேன். லிட்டருக்கு 2.3 வீதம் அது இன்னொரு 270 கிலோ.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தாலும் 2.68 கிலோதான் வரும் என்று பார்த்தபோது சப்பென்று ஆகிவிட்டது. அப்புறம் கேஸில் என்ன மிச்சம்? மிச்சம் மைலேஜில் இருக்கிறது. என் பழைய டீசல் வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தது, இந்த வண்டிகள் கிலோவுக்கு 20 கொடுக்கின்றன.

அந்த மிச்சத்திலிருந்தும் எரியாமல் தப்பிவிடுகிற மீத்தேனைக் கழிக்க வேண்டும். அதே வழிகாட்டியின்படி ஒரு கிலோ கேஸுக்கு நாலரை கிராம் அளவு புகைக்குழாய் வழியே போகிறது. அது கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு சூடேற்றும் என்று வைத்தால், கிலோவுக்கு இன்னொரு 0.12. இதை வீட்டில் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது மன்னார்குடிப் பெரியப்பா திடுக்கிட்டு, "மீத்தேனா? மறுபடி தோண்ட வந்துட்டானுங்களா?" என்றார். நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டத்தை எதிர்த்துப் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தவர் அவர். 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்த பிறகும் அவருக்கு அந்தச் சொல் ஆகாது. அவரைச் சமாதானப்படுத்த அரைமணி நேரம் ஆனது.

எல்லாம் சேர்த்து 10.5 டன். மீட்டர்படி ஓடியது 74,700 கிலோமீட்டர். ஆக கிலோமீட்டருக்கு 140 கிராம், பழைய வண்டிக்கு 168. பதினாறு சதவீதம் குறைவு. பங்க் விளம்பரப் பலகையில் இருக்கிற பச்சை இலை அளவுக்கு இல்லை, ஆனால் இருக்கிறது.

இழுபறியே திரும்பி வருகிற நடையில்தான். திருச்சிக்குப் போன 96 நடையில் 60 முறை காலியாகத் திரும்பினோம், 36 முறை வேறு ஒருவர் சரக்கு கிடைத்தது. காலி வண்டி யார் கணக்கு? கம்பெனிக்காரர் போன ஓட்டத்தை மட்டும் போடச் சொன்னார். உங்கள் சரக்குக்காகத்தானே சார் வண்டி திருச்சிக்கே வந்தது என்றேன். இரண்டு நாள் கழித்து ஒத்துக்கொண்டார். ஒரு வழிக்கு 95 கிலோமீட்டர் வீதம் 156 ஓட்டம், சுமார் 2.1 டன் என்று எழுதி அனுப்பினேன். "ரிசீவ்டு" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

இப்போது கேஸ் அடித்த கையோடு பில்லைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்லியிருக்கிறேன். நேற்று வந்த படத்தில் 6.42 கிலோ. கீழே டிரைவர் எழுதியிருந்தார்: "பிரஷர் இல்லண்ணே."