மேசைக்கு வயது என்ன?

பெரியப்பாவின் கணக்குகளை அறிந்தவர்களுக்கு, எங்கள் வீட்டு மேசைக்கு ஒவ்வொரு குடும்ப விழாவிலும் பத்தாண்டு கூடிவிடுவது வியப்பளிக்காது. நான் சிறுவனாக இருந்தபோது 100 ஆண்டைத் தொட்டிருந்த அம்மேசை, தங்கையின் திருமணத்தன்று 150-ஐக் கடந்து, சென்ற வாரம் சம்பந்தி வீட்டார் முன்னிலையில் 200-ஐ எட்டிவிட்டது.

பொறுக்க முடியாமல், அவர் உறங்கும் வேளை பார்த்து நான்கு இழுப்பறைகளையும் உருவி வெளியே குவித்துவிட்டு, கைவிளக்கும் உருப்பெருக்கியுமாக மேசையின் அடியில் மல்லாந்து படுத்தேன். தேடத் தொடங்கியதுமே துப்புக் கிடைத்தது: ஓர் இழுப்பறையின் கைப்பிடியை இறுக்கியிருந்த திருகாணியின் தலையில் கூட்டல் குறி. அவ்வகைத் திருகாணிக்கு அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை பெற்றதே 1936-இல்தான்.

வெற்றிக் களிப்பில் பெரியப்பாவை எழுப்பியது தவறு. "அதை மாட்டியவனே நான்தானடா! உன் அப்பன் இழுத்த இழுப்பில் பழைய பிடி கையோடு வந்துவிட்டது" என்றார். உட்புறம் பார்த்தால், அடைக்கப்பட்ட பழைய துளைகள் இரண்டு இருக்கத்தான் செய்தன. கட்டிய பல்லைப் பார்த்துப் பாட்டிக்கு வயது சொன்னவன் கதையாகிவிட்டது என் ஆராய்ச்சி.

ஆனாலும் விடவில்லை. இழுப்பறை மூலைகளில் புறாவாலைப் போல் விரிந்த பற்கள் ஒன்றுக்கொன்று அகலம் மாறி இருந்தன. இயந்திரம் வெட்டியிருந்தால் எல்லாம் ஓரச்சாக இருக்கும். அடிப்பலகையைத் தடவினால் இழைப்புளி ஓடிய மேடுபள்ளம் விரலில் தட்டியது. பின்பலகையிலோ வட்ட ரம்பத்தின் வளைந்த கீறல்களும், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பரவலான உருண்டைக் கம்பி ஆணிகளும். ஆக, கை வேலைதான். ஆனால் 200 ஆண்டுக்கு வாய்ப்பில்லை. பெரியப்பா முதன்முதலில் சொன்ன 100-தான் ஏறக்குறையப் பொருந்துகிறது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்தபடியே இழுப்பறைகளைத் திரும்பச் செருகினேன்.

ஒன்றும் உள்ளே போகவில்லை. கையால் செய்த இழுப்பறை தன் பொந்தைத் தவிர வேறெதிலும் சரியாக அடங்காது என்பதைக் குவிப்பதற்கு முன்பே நினைத்திருக்க வேண்டும். நான்கு இழுப்பறை, நான்கு பொந்து; 24 விதமாக மாற்றிப் பார்க்கலாம். வியர்வை வழிய எத்தனையாவது முறையோ தோற்று நின்றபோது, அதுவரை கட்டிலில் சாய்ந்து வேடிக்கை பார்த்திருந்த பெரியப்பா கேட்டார்: "ஒவ்வொன்றின் முதுகிலும் ஆசாரி உளியால் ஒன்று, இரண்டு என்று கோடு போட்டிருக்கிறாரே, உருப்பெருக்கியில் தெரியவில்லையா?"